மண்ணின் பொறுமை

2008-ஆம் ஆண்டு பாப்பிரெட்டிப்பட்டியில் எம் தங்கையின் நிக்காஹ் இனிதே நிறைவேறியது. விருந்து முடிந்ததும் வாழையிலைகளோடு நெகிழிக் குவளைகளையும் பைகளையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். மண் எதையும் தின்று செரித்துவிடும் என்று நம்பினோம். பத்தாண்டு கழித்து, தென்னங்கன்று நட அவ்விடத்தைத் தோண்டினோம். இலைகள் உரமாகியிருந்தன, குவளைகளோ விளிம்பும் மடங்காமல் வெளிப்பட்டன. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குவளையைக் கழுவி எம் கையில் தந்தார்கள்.

நெகிழியைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இல்லாமலில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் அலையாத்திக் காட்டு மண்ணில் அவற்றை ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஒரே திங்களில் பாலித்தீனில் 20.54 விழுக்காட்டைச் சிதைத்தது. ஆயின், அந்த மண்ணில் ஒன்பது திங்கள் கிடந்த பைகள் மிகுதியாய்ச் சிதைந்ததே 4.21 விழுக்காடுதான், குவளைகள் 0.25 விழுக்காடுதான். நெடிய கரிமச் சங்கிலிகளாலான பாலித்தீனை அறுப்பது நுண்ணுயிரின் நொதிகளுக்கு எளிதன்று.

2019 சனவரி 1 முதல் தமிழக அரசு இத்தகைய பைகளையும் குவளைகளையும் தடை செய்தது. அதன்பின் எம் இல்லத்தில் நிகழ்ந்த விருந்துக்கு எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுத்தோம். "கழுவ ஆள் வேண்டுமே!" என்றனர் உறவினர். யாமே கழுவினோம்.

மாணவச் செல்வங்களே! மண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நுண்ணுயிர் தன் பணியைச் செய்யட்டும். அதன் சுமையைக் கூட்டாதிருப்பது நம் பணியன்றோ!