ஆரும் விகருக்குப் போடேல்லை

2022 மார்ச்சில் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கொம்பியூட்டர், ஒரு கொன்ட்ரோலர், ஒரு எல்டன் ரிங் இருந்தது. காசு மூன்று பேருடையது. மேசையும் கதிரையும் ஒருத்தன் வீட்டினது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் எப்போது கூடுவது என்று முடிவெடுப்போம். மாதக் கடைசியில் வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை எல்லாம் போக, விளையாட ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தால் பெரிய விசயம்.

ஆளுக்கொரு பாத்திரம் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், பத்து வரை சேமித்து வைக்க இடமுண்டு. ஆனால் ஒன்றரை மணித்தியாலத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு அரை மணி. அரை மணியில் இந்த விளையாட்டில் ஒரு பாலத்தைக்கூட உயிரோடு கடக்க ஏலாது. அதனால் மூன்று பேருக்கும் ஒரே ஆள். செத்தால் கொன்ட்ரோலர் அடுத்தவருக்கு. அந்த ஒரு ஆளால்தான் பிறகு எங்களுக்குள் ஒரு கிழமை கதைபேச்சில்லாமல் போனது.

விளையாடாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேணும். எதிரிகளைக் கொன்றால் ரூன் கிடைக்கும். ரூனைக் கொடுத்து ஒரு லெவல் ஏறினால் ஒரேயொரு புள்ளி. அதை எட்டுக் குணங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போடலாம். உயிர்ப்பலத்துக்கு விகர், மந்திரம் விடும் சக்திக்கு மைண்ட், மூச்சு வாங்காமல் ஓடவும் பாரம் தாங்கவும் எண்டூரன்ஸ், பாரமான ஆயுதத்துக்கு ஸ்ட்ரெந்த், வேகமான ஆயுதத்துக்கு டெக்ஸ்டெரிட்டி, மந்திரத்துக்கு இன்டெலிஜென்ஸ், வேண்டுதல்களுக்கு ஃபெயித், இரத்தக்கசிவு மாதிரியான சில்லறை வில்லங்கங்களுக்கு ஆர்கேன். ஏற ஏற அடுத்த லெவலின் விலையும் ஏறும். செத்தால் கையிலிருந்த ரூன் முழுக்க அந்த இடத்திலேயே விழும். அதை எடுக்கப் போகும் வழியில் இன்னொருக்கா செத்தால் போனது போனதுதான். புள்ளிகளை எங்கே போடுகிறோம், அதற்கேற்ற ஆயுதம் எது என்பதுதான் பில்ட்.

தொடக்கத்தில் பத்து வகுப்புகளில் ஒன்றைத் தெரிய வேணும். நாங்கள் வகபொண்டை எடுத்தோம். காரணம், கவசம் வடிவாக இருந்தது. அதொன்றும் பெரிய பிழையில்லை. வகுப்பு என்பது தொடக்கப் புள்ளிகளும் முதல் ஆயுதமும் மட்டும்தான். அதற்குப் பிறகு எவரும் எதுவாகவும் வளரலாம். உயர்தரத்தில் பயோவா மட்ஸா என்று எடுத்த மாதிரி கையெழுத்து வைத்து மாட்டுப்படுகிற அலுவல் இல்லை.

பிழை பிறகுதான் தொடங்கியது. எங்களில் ஒருத்தனுக்குப் பெரிய வாள் வேணும். கேலிட் பக்கம் ஒரு வண்டிப் பெட்டிக்குள் கிடந்த, ஆளை விடப் பெருத்த அந்த வாளைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. மற்றவனுக்கு மந்திரம். யூரியூப்பில் எவரோ மூன்வெய்ல் கத்தியால் ஒளிக்கீற்று விட்டு பொஸ் ஒன்றைக் கரைத்ததைப் பார்த்துவிட்டு வந்தவன். அதைத் தூக்க டெக்ஸ்டெரிட்டி 18, இன்டெலிஜென்ஸ் 23 வேணும். வாள்காரனின் தங்கச்சிக்குக் காயம் ஆற்றும் வேண்டுதல் ஒன்று. அதற்கு ஃபெயித் 12. கொன்ட்ரோலர் யாரின் கையில் இருக்கும்போது லெவல் ஏறுதோ, புள்ளி அவரின் பக்கம் போகும். ஆயுதத்தைக் கூர்மையாக்கும் கற்களும் அப்படியே சிதறின. ஒழுங்காக அடி விழுவதற்கு, பாதி விளையாட்டு வரை, குணப் புள்ளிகளை விட அந்தக் கற்கள்தான் முக்கியம் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

மார்ச் 17 இல் வந்த புதுப்பிப்பில் ஹோர்ஃப்ரொஸ்ட் ஸ்டொம்ப் என்ற வித்தையையும் மிமிக் டியர் என்ற துணை ஆவியையும் பலம் குறைத்தார்கள். எங்களிடம் அந்த வித்தை இருந்தது. டேட்டாவையும் செலவழித்து, இறக்கி முடிய ஆளும் சோர்ந்துபோனான். அன்றைக்குத்தான், ஆரோ சொன்னதைப் பார்த்து பில்ட் செய்தால் ஆரோ நினைத்த நேரம் அது செத்துப்போகும் என்று விளங்கியது. விளங்கியதே தவிர யூரியூப் பார்ப்பதை விடவில்லை.

லெவல் 62 இல் ராடானிடம் போனோம். செந்நிறப் பாலைவனம், தூரத்தில் மலை மாதிரி ஒரு ஆள். அங்கிருந்தே அம்பு விடுவான். அம்பென்றால் ஈட்டியை விடப் பெரிசு. சண்டை தொடங்க முதலே செத்தோம். மூன்று பேரும் மாறி மாறி இரண்டு நாள் செத்தோம். மூன்றாம் நாள் தங்கச்சி குணப் பட்டியலைத் திறந்து ஒரு கொப்பியில் எழுதினாள்: ஸ்ட்ரெந்த் 27, இன்டெலிஜென்ஸ் 27, டெக்ஸ்டெரிட்டி 18, மைண்ட் 18, எண்டூரன்ஸ் 17, ஃபெயித் 12, ஆர்கேன் 7. கடைசியாக விகர் 15.

"வகபொண்ட் தொடங்கேக்கையே விகர் 15 தானே?" என்றாள்.

ஓம். ஐம்பத்துமூன்று லெவல் ஏறியிருக்கிறோம், ஒரு புள்ளிகூட உயிருக்குப் போகவில்லை. வாள் ஒருத்தனுடையது, மந்திரம் ஒருத்தனுடையது, வேண்டுதல் ஒருத்தியுடையது. உயிர் ஆருடையதும் இல்லை. 522 உயிர்ப்புள்ளியோடு ராடானின் முன்னால் போய் நின்றிருக்கிறோம். விகர் 40 என்றால் 1450, 60 என்றால் 1900. அதற்குப் பிறகு 99 வரை போட்டாலும் இன்னும் 200 தான் கூடும், அதனால் 60 உடன் நிறுத்தலாம். புதிதாகத் தொடங்குகிறவர் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்: அடி கூடுவதைப் பார்க்காதேங்கோ, இரண்டு அடி வாங்கி நிற்க முடியுமா என்று பாருங்கோ.

ராடானின் கதையே ஒரு பில்ட் கதைதான். அவன் முழுக்கப் பலசாலி. ஆனால் மெலிந்த குதிரை ஒன்றில் வருவான், அவனின் உடம்புக்கு அது ஒரு நாய்க்குட்டி அளவு. அந்தக் குதிரையைக் கைவிடாமல் இருக்கவே ஈர்ப்பு விசை மந்திரம் படித்தானாம். மந்திரத்துக்குப் போட்ட புள்ளிக்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது. எங்களின் 27 க்கும் 27 க்கும் இருந்தது போட்டி மட்டும்தான்.

புள்ளிகளைத் திருப்பிப் போட வழியுண்டு. ராயா லுக்காரியா கல்விக்கழகத்தில் ரெனாலாவை வென்ற பிறகு, லார்வல் டியர் ஒன்றைக் கொடுத்தால் அவள் ஆளை மறுபடி பிறப்பிப்பாள். அந்த டியர்கள் எண்ணிக்கையாகத்தான் கிடைக்கும், எங்களிடம் ஒன்றே ஒன்று. அதை எப்படிப் பாவிப்பது என்று பிறகு கூடிக் கதைப்போம் என்று சொல்லி எழும்பினோம்.

அன்றிரவு கரண்ட் வந்த நேரம் வாள்காரன் தனியே இருந்து அதைச் செய்துவிட்டான். விகர் 38, எண்டூரன்ஸ் 20, ஸ்ட்ரெந்த் 35, மற்றதெல்லாம் பிறந்த அளவுக்கே. வாளை இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெந்த் ஒன்றரை மடங்காகக் கணக்கெடுக்கும், ஆக 52. பாரம் 70 வீதத்துக்குள் அடங்கியதால் உருளுவதும் பிந்தவில்லை. பிழை சொல்ல ஏலாத பில்ட். ராடானையும் அன்றிரவே விழுத்திவிட்டான்.

அடுத்த நாள் மந்திரக்காரன் வந்து கொன்ட்ரோலரை எடுத்தான். இன்டெலிஜென்ஸ் 9. ஒரு மந்திரமும் வேலை செய்யவில்லை. மூன்வெய்லைக் கையில் எடுத்தால் தூக்கத் தெரியாத ஆள் மாதிரி ஆட்டினது. அவன் அந்த நேரம் கட்டாருக்குப் போகக் காகிதங்கள் கொடுத்துவிட்டுப் பாஸ்போட்டுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"நான் போக முதலே என்னை அழிச்சுப்போட்டாய் என்ன," என்றான்.

"டேய், வெண்டிட்டமடா. பார் எவ்வளவு லேசா..."

"நீ வெண்டனி."

ஒரு கிழமை அந்த மேசைப் பக்கம் அவன் வரவில்லை. எங்களுக்கும் விளையாட மனமில்லை. கரண்ட் இருந்த நேரத்தில்கூட.

பிறகு தங்கச்சிதான் அவனைக் கூப்பிட்டாள். லெவல் 63 க்கு ரூன் சேர்ந்து கிடந்தது. அந்தப் புள்ளியை இன்டெலிஜென்ஸுக்குப் போட்டாள். 10. அந்த ஒரு புள்ளியோடு சாதாரண மந்திரக்கோல் ஒன்றைப் பிடிக்கலாம், மந்திரங்களிலேயே சின்னதான ஒளிக்கூழாங்கல்லை விடலாம். பத்து விட்டாலும் வாளின் ஒரு அடிக்குக் காணாது. இடது கையில் கோலைக் கொடுத்து, "இந்தா, உன்ர" என்றாள். அவன் அன்று முழுக்க லிம்கிரேவ் புல்வெளியில் நின்று ஆடுகளுக்குக் கூழாங்கல் எறிந்துகொண்டிருந்தான். வாள்காரன் பக்கத்தில் இருந்து, "விகருக்குப் போட்டிருக்கலாம்" என்று ஒருதரம் முணுமுணுத்தான். ஆரும் கணக்கெடுக்கவில்லை.

ஓகஸ்டில் அவன் போய்விட்டான்.

2024 ஜூனில் விரிவாக்கம் வந்தது. ராடானையும் மோகையும் வென்றிருந்தால்தான் அதற்குள் போகலாம். எங்களின் ஆள் இப்போது விகர் 60, ஸ்ட்ரெந்த் 66. போன வருசம் லீவில் வந்தவன் கொன்ட்ரோலரை வாங்கியதும் சண்டைக்குப் போகவில்லை, நேரே குணப் பட்டியலைத் திறந்தான். இன்டெலிஜென்ஸ் 10 அப்படியே கிடந்தது. ஒன்றும் கதைக்காமல் மூடிவிட்டு, ஆடு தேடிப் போனான்.