மீன் பெட்டியும் மின் மோட்டாரும்

சொறிக்கல்முனையில் எங்கள் வீட்டுப் படலையடியில் காலை எட்டு மணியளவில் இரப்பர் ஊதுகுழல் ஒன்று ஒலிக்கும். கல்முனைக் கடற்கரையில் மீன் எடுத்துக் கிட்டங்கி வழியாகச் சைக்கிளில் வரும் மீன்காரக் காக்காவின் வரவு அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் இவ்வூருக்கு வருகிறார். எந்த வீட்டாருக்கு முள் குறைந்த மீன் வேண்டும், எந்த வீட்டில் தவக்காலத்தில் அதிகமாக வாங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சென்ற ஆண்டு ஒருநாள் மீன் நிறுத்துத் தந்தபின் அவர் போகாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“சேர், மகன் கட்டார்லருந்து இத அனுப்பி இரிக்கான். சைக்கிளுக்குப் பூட்டுற மோட்டராம். ஒங்களுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும். நல்லதா கெட்டதா எண்டு பாத்துச் சொல்லுங்க.”

அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் அவரும் நானும் ஒரே வரிசையில் இரவு முழுவதும் நின்றிருக்கிறோம். அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று நிர்ணயித்தார்கள். நாள்தோறும் ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு அது போதவில்லை. பட்ட கடனை அடைக்க அந்த வண்டியை விற்றுவிட்டுப் பரணில் கிடந்த பழைய இருபத்தெட்டு அங்குலச் சைக்கிளை இறக்கினார். பெற்றோல் பின்னர் தாராளமாகக் கிடைத்தது. விற்ற வண்டி திரும்பவில்லை. இப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. வலது முழங்கால் வீங்குகிறது. இப்படியே போனால் அடுத்த ஆண்டு நமது ஊரை விட்டுவிட வேண்டியதுதான் என்று வேறொருவரிடம் அவர் சொன்னது என் காதுக்கும் எட்டியிருந்தது.

சைக்கிளுக்கு மின்சாரம் பூட்டுவது புதிய எண்ணம் அன்று. பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை வைக்கும் அமைப்புக்கு ஒக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது மோட்டாருக்காக அன்று. எடை குறைந்த நல்ல மின்கலத்துக்காக. ஆகவே விளம்பரத்தில் மோட்டாரைப் பார்க்குமுன் மின்கலத்தைப் பார்த்தேன்.

செய்தியாளனாக இருந்தவனுக்கு விளம்பரமும் ஓர் ஊடக அறிக்கைதான். அதிலுள்ள எண்ணை அப்படியே அச்சேற்றக் கூடாது. “ஒருமுறை மின்னேற்றினால் 60 கிலோமீற்றர்” என்று அதில் இருந்தது. மின்கலம் 36 வோல்ற், 10 அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 360 வாற் மணி. மிதித்துக்கொண்டே மோட்டாரின் உதவியையும் பெறுபவருக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வாற் மணி செலவாகும். மெலிந்த ஆள் வெறுஞ் சைக்கிளில் நன்றாக மிதித்துச் சென்றால் 60 வரலாம். நமது காக்காவோ மீனும் ஐஸுமாக நாற்பது கிலோ சுமப்பவர். சவளக்கடை, நாவிதன்வெளி எல்லாம் சுற்றித் திரும்புகையில் நாளுக்கு முப்பது கிலோமீற்றர் ஆகிவிடும். கச்சான் காற்று எழும் மாதங்களில் உள்ளூர் நோக்கி வரும்போது எதிர்க்காற்று வேறு. கணக்குப் போட்டால் 360 முதல் 450 வாற் மணி தேவை. நாள்தோறும் அடிவரை வறட்டினால் மின்கலத்தின் ஆயுளும் குறையும். ஆகவே குறைந்தது 13 அம்பியர் மணி வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன்.

ஈய அமில மின்கலம் மலிவு என்று அவருடைய நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். மலிவுதான். ஆனால் 36 வோல்ற்றுக்கு மூன்று வேண்டும். அதுவே பன்னிரண்டு கிலோவுக்கு மேல், அதாவது விற்கும் மீனில் பன்னிரண்டு கிலோ குறைவு. முந்நூறு தடவை போல ஆழமாக மின்னேற்றி இறக்கினால் தளர்ந்துவிடும். நாளுக்கு ஒருமுறை என்றால் ஓராண்டு. லிதியம் வகைகளில் இரும்புப் பொசுபேற்று வகை ஆயிரம் தடவைக்கு மேல் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. விலை கூடினாலும் அதையே சொன்னேன். வந்த பெட்டியிலுள்ள மின்னேற்றியைத் தவிர வேறொன்றைப் பாவிக்காதீர்கள், ஈரத்தோடு ஏற்றாதீர்கள், எல்லாரும் உறங்கும்போது பாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சீமெந்துத் திண்ணையில் வையுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். அவர் வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மகனுடைய திட்டம் விடுமுறையில் வரும்போது முழுப் பெட்டியையும் பயணப் பொதியில் கொண்டுவருவது. அது நடக்காது. பயணிகள் விமானத்தில் 100 வாற் மணி வரையிலான மின்கலமே தடையின்றிச் செல்லும். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு. அதற்கு மேல் பயணி கொண்டுசெல்ல முடியாது. மோட்டாரை அங்கே வாங்கலாம், மின்கலத்தை உத்தரவாதத்தோடு இங்கே வாங்குங்கள் என்றேன். உத்தரவாதம் வாய்ச்சொல்லில் அன்று, எழுத்தில்.

மோட்டாரில் 1000 வாற் வரை இருந்தது. காக்காவின் கண் அதில்தான். நமது வயல்வெளிச் சமதரைக்கு 250 வாற் போதும். மணிக்கு 25 கிலோமீற்றர், 250 வாற் என்ற எல்லையையே ஐரோப்பாவும் இந்தியாவும் வைத்திருக்கின்றன. இங்குள்ள பதிவு விதியை வாங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளவும் சொன்னேன். உள்ளே பற்சக்கரம் உள்ள சிறு மோட்டாராக இருந்தால் மின்சாரம் தீர்ந்தாலும் சக்கரம் இழுக்காமல் சுழலும். மிதித்தே வீடு சேரலாம்.

முன்சக்கரமா பின்சக்கரமா என்ற கேள்விக்கு அவரே விடை சொன்னார். “பின்னுக்கு வேணாம் சேர். பெட்டிலருந்து உப்புத்தண்ணி வடிஞ்சிக்கே இரிக்கும்.” எந்த விளம்பரத்திலும் எழுதப்படாத விடயம் அது. மோட்டார் முன்சக்கரத்துக்கு என்று முடிவாயிற்று. மோட்டாரின் அச்சு கவையைப் பிளந்துகொண்டு சுழன்றுவிடாதபடி உருக்குக் கவையும் அச்சைப் பிடிக்கும் இரும்புத் தாங்கியும் அவசியம் என்பதைச் சேர்த்துக்கொண்டேன். மின்கலம் பெட்டிக்கு அடியில் அன்று, சட்டத்தின் நடுவில்.

பட்டியல் முடிந்தது. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், 250 வாற் என்று எழுதி, மகனுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்புமுன் கல்முனையில் தமது சைக்கிளைத் திருத்துபவரிடம் ஒருமுறை காட்டிவிட விரும்பினார். நானும் கூடப் போனேன்.

அந்த மனிதர் பட்டியலை வாசிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்துச் சக்கரத்தை அளந்தார். “இருபத்தெட்டில ரெண்டு சாதி இரிக்கி, சேர்” என்றார். நமது பழைய சைக்கிளின் விளிம்பு 635 மில்லிமீற்றர்; மோட்டாரோடு வரும் இருபத்தெட்டு என்பது 622. பழைய டயர் புதிய விளிம்பில் நிற்காது. அதைவிடப் பெரிய விடயம் பிறேக். கம்பிப் பிறேக்கின் கட்டைகள் விளிம்பின் அடிப்புறத்தை அமர்த்துபவை. புதிய விளிம்பில் பிடிப்பதற்கு அப்படியொரு பரப்பே இல்லை. நான் எழுதியபடி வாங்கிப் பூட்டியிருந்தால், நாற்பது கிலோ சுமையோடும் மோட்டாரோடும் ஓடும் வண்டிக்கு முன் பிறேக் இருந்திராது.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். வாசகர் பெரும்பாலும் மன்னித்துவிடுவார். ஒரு மீன் வியாபாரியின் ஓராண்டுச் சேமிப்புக்கும், கிட்டங்கி வீதியில் அவருடைய உயிருக்கும் எந்த மூலையில் திருத்தம் போடுவது? எண்களையெல்லாம் சரிபார்த்தவன், சைக்கிளைப் பார்க்கவில்லை. கைகூப்பி அந்தத் திருத்துநருக்கு நன்றி சொன்னேன். புதிய டயர், நீண்ட கையுள்ள கலிப்பர் பிறேக், பிறேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் ஆளி ஆகிய மூன்றும் பட்டியலில் ஏறின. அவற்றைச் சேர்த்தும் தொகை கட்டுக்குள் நின்றது.

வாங்கும் காலத்தையும் தள்ளிப்போடச் சொன்னேன். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும். மழைத்துளியைத் தாங்கும் மோட்டார், நீருக்குள் மூழ்கினால் அச்சுவழியே தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். மோட்டார் பெரிதன்று. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்ததை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. கையில் மோட்டார் இருக்கிறது என்ற துணிவில் ஓடும் நீரில் இறங்க மாட்டேன் என்று காக்கா எனக்கு வாக்குத் தந்தார்.

மாரி ஓய்ந்தபின் பூட்டினார்கள். முதல் வாரம் நான் படலையடியிலேயே காத்திருந்தேன். ஊதுகுழல் எட்டு மணிக்கு அன்று, ஏழரைக்கே ஒலித்தது. அவர் மிதித்துக்கொண்டுதான் வந்தார். மிதிக்கும்போது மட்டும் உதவும்படி அமைத்திருந்தார்கள். இறங்கும்போது முன்பெல்லாம் வலது காலைக் கையால் பிடித்துக்கொள்வார். அன்று பிடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினார்.

“பாருங்க சேர், ஐஸ் இன்னும் கரையல்ல.”

முதலில் அந்த முன் பிறேக்கை அழுத்திப் பார்த்தேன். பிடித்தது. அதன்பின்தான் மீனைப் பார்த்தேன்.