மழை காணாத மாநகர்

தென் அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில், பெரு நாட்டின் தலைநகராய் விளங்குவது லீமா. ஸ்பானியத் தளபதி பிசாரோ 1535-ஆம் ஆண்டில் ரீமாக் ஆற்றங்கரையில் இதனை நிறுவினார். கடலின் குளிர்ந்த நீரோட்டத்தால் இங்கு மழை மிக அரிது. பல திங்கள் மூடுபனியே வானை மறைத்து நிற்கும்.

இந்நகரத்தார் விரும்பி உண்பது செவிச்சே. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயமும் மிளகாயும் கலந்து, வேகவைத்த சர்க்கரைவள்ளியுடன் பரிமாறுவர். நம் அடுக்களையிலுள்ள உருளைக்கிழங்கும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் முதன்முதல் பயிரானதே.

அம்மலையிலிருந்து வரும் நீரே ஏறத்தாழ ஒரு கோடி மக்களுக்கு உயிர். ஆனால் அங்குள்ள பனிப்பாறைகள் சுருங்கி வருகின்றன. குன்றுகளில் குடியேறிய ஏழையர் சிலர், வலை கட்டி மூடுபனியின் துளிகளைச் சேர்த்துச் செடி வளர்க்கின்றனர். ஒரு குடம் நீரின் அருமை அறிந்த நமக்கு, அவர்தம் கவலை அயலார் கவலையன்று.