சவுத்எண்ட் கரையில் உலோகம் தேடுவோர்

இலண்டன் ஃபென்சர்ச் ஸ்ரீற் நிலையத்தில் றெயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் சவுத்எண்ட். தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் இந்தக் கரையில், வற்று நேரத்தில் தண்ணீர் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் பின்வாங்கும். பிள்ளைகளுடன் நாம் மலிவாகப் போய்வரக்கூடிய இடம்.

இப்படியான கரைகளில் மெட்டல் டிடெக்ரருடன் உலாவுவோரைக் கண்டு, நம்மவர் சிலருக்கும் ஆசை வருகிறது. வாங்குமுன் ஒன்றைக் கவனிப்போம். விலை குறைந்த பல கருவிகளில், தண்ணீர் தாங்குவது அடியிலுள்ள வட்டத் தட்டு மட்டுமே. மேலே உள்ள பெட்டி நனைந்தால் காசு வீண். மைன்லாப் வான்குவிஷ் இந்த வகை. ஆயினும் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்குவதால், உப்பு ஈரத்தில் வீணாகக் கத்துவது குறைவு. நொக்ரா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் முழுவதுமே 3 மீற்றர் ஆழம்வரை தாங்கும். ஆனால் அதற்கு ஒரே அலைவரிசை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈர மணலில் அதன் உணர்திறனைக் குறைத்தே தேட வேண்டிவரும். மணலில் நடப்பவருக்கு முன்னையது, தண்ணீரில் இறங்குபவருக்குப் பின்னையது.

கரைக்குச் சொந்தக்காரரின் அனுமதியையும் வற்றுப்பெருக்கு நேரத்தையும் முதலில் அறிந்துகொள்வோம். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் கண்டால் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம். அகதி விண்ணப்பம் முடியாத குடும்பங்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருப்பது நல்லது.

பழைய யுத்தக் குண்டுகளும் பிரித்தானியக் கரைகளில் அகப்படுவதுண்டு. சந்தேகமான எதையும் தொடாமல் விலகி, 999ஐ அழைத்துக் கரையோரக் காவற்படையைக் கேளுங்கள். கண்ணிவெடி அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கு வளரும் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.