பாண்டவர் குலத்தைச் செஞ்சியில் குடிவைத்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய பாரதப் பிரசங்கியார் ஐயாவுக்கும், கூத்து வாத்தியார்மாருக்கும் வணக்கம்.

செஞ்சிக்கோட்டையை ஆண்டவர்களை வரிசையாகச் சொல்லுங்கள் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்ப் படை, 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், பிறகு நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர். எந்தக் குலமும் இங்கே நிலைத்து வேர்விடவில்லை. ஓராண்டுகூட ஆளாமல் 1714-இல் களத்தில் விழுந்த தேசிங்குராஜன் மட்டும் பாட்டில் தப்பித்தான். அவன் பிறந்த புந்தேலர் குலத்தாரோ தங்களைச் சூரிய வம்சம் என்று சொல்லிக்கொள்பவர்கள்.

ஆனால் கோட்டைக்கு அருகே மேலச்சேரியில் இன்றும் ஒரு ராஜவம்சத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் தாய்க்கோயில் அதுதான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பாண்டவர் வழிவந்த சுனீதன் செஞ்சியை ஆண்டானாம்; நூறு தலை அசுரனால் அவனுக்கு ஆபத்து வர, பாஞ்சாலி மறுபடி வந்து காத்தாளாம். அசுரனின் கடைசித் தலை மண்ணில் விழாமல் ஏந்திக்கொண்டவர் போத்துராஜா. கோயிலில் கையில் தலையோடு நிற்கும் அவரைப் பார்த்துப் பயந்து அழாத குழந்தை உண்டா? காவலுக்கு முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரரும் உண்டு. அஸ்தினாபுரத்துக் கதையில் இவருக்கு ஏது இடம் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

உங்களுக்கு நன்றி சொல்ல வந்த காரணம் இனிமேல்தான் வருகிறது.

அரசர்கள் தங்கள் குலத்தைச் செம்பில் வெட்டிவைத்தார்கள். சோழர்கள் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் சூரியனிலிருந்து தொடங்கினார்கள். பாண்டியர்கள் சின்னமனூர்ச் செப்பேட்டில் சந்திரனைப் பிடித்துக்கொண்டார்கள். நாட்டை ஆளும் உரிமைக்குச் சாட்சி தேடுகிறவன் குலக்கதையில் ஓட்டை தெரிய விடுவானா?

நீங்கள் விடுகிறீர்கள் ஐயா. வில்லிபாரதத்தின் குருகுலச் சருக்கத்தைப் பிரித்து, சந்திரன், புதன், புரூரவன் என்று இறங்கி வருகிறீர்கள். யயாதியிடம் வந்ததும் நிறுத்துகிறீர்கள். மூத்தவன் யது தந்தையின் முதுமையை வாங்க மறுத்துப் பட்டம் இழந்தான். கடைக்குட்டி பூரு தன் இளமையைக் கொடுத்துப் பட்டம் பெற்றான். அதற்குப் பிறகும் எத்தனை இடத்தில் அறுகிறது அந்தக் குலம்! விசித்திரவீரியன் பிள்ளையில்லாமல் செத்தான். மீனவப் பெண் சத்தியவதி, தன் மகன் வியாசனை அழைத்துக் குலத்தை ஒட்டவைத்தாள். பாண்டுவுக்குச் சாபம், குந்தி மந்திரம் சொல்லித்தான் பிள்ளை பிறந்தது. சந்திர வம்சம் என்று பெயர்தானே தவிர, பாண்டவர் உடம்பில் சந்திரன் வழி ரத்தம் எங்கே என்று ஒரு பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு, "பெத்தவ சொன்னா புள்ள" என்பாள்.

அசுவத்தாமன் ஓர் இரவில் பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றான். வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு, அந்தச் சௌப்திக பருவத்திலேயே முடித்துவிட்டார். மற்றதை நீங்கள்தான் வாய்மொழியாகச் சொன்னீர்கள்: குலம் தழைத்தது சுபத்திரையின் பேரன் பரீட்சித்தால். ஆக, செஞ்சிக்குப் பாஞ்சாலி வந்து காப்பாற்றிய சுனீதன் அவள் வயிற்று வழி வந்தவனே இல்லை. சக்களத்தியின் வழி வந்தவனுக்காகத் தீயில் பிறந்தவள் திரும்பி வந்தாள். இதைக் கேட்டு வளர்ந்ததற்கு உங்களுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறேன். குலப்பெருமை பேசி அடித்துக்கொள்கிற மாவட்டத்தில், வெயிலில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்.

வாத்தியார்மாரே, பகலில் ஐயா சொன்னதை இரவில் நீங்கள் கட்டை கட்டி ஆடிக் காட்டினீர்கள். அர்ச்சுனன் தபசுக்கு நெடுமரத்தில் ஏறிய உங்கள் ஆள் மேலிருந்து எறிந்த எலுமிச்சைக்குப் பிள்ளை வரம் கேட்டு முந்தானை ஏந்திய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். படுகளத்தன்று மண் உருவாய்க் கிடந்த துரியோதனன் தொடையில் பீமன் அடித்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிந்தாள். கூடவே, துரியோதனனுக்காக மாரடித்து அழும் வேஷத்தையும் நீங்கள் விட்டுவிடவில்லை. தோற்ற கிளைக்கும் அழ ஒரு பெண் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோட்டைக்குள் தோற்ற மன்னர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும். மகிழ்ச்சிதான், செஞ்சியின் ராஜகிரி மலை ஏற வருபவர்கள் அப்படியே மேலச்சேரிக்கும் ஒரு நடை போய் வரட்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று பகல் பாரதத்தின் நாட்களைக் குறைத்து, அந்தப் பணத்தில் பாட்டுக் கச்சேரி வைக்காதீர்கள். அடுத்த தீமிதிக்கு நாள் குறிக்கும்போது, பிரசங்கியாருக்குக் குருகுலச் சருக்கத்திலிருந்து தொடங்க நாள் கொடுங்கள்.