கரையான்மேல் போட்ட பழி

என் தாத்தாவின் நோட்டுகளைக் கரையான் அரிக்கவில்லை. நான்தான் எடைக்குப் போட்டேன்.

தாத்தா கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி, 1920-ல்தான் கிண்டிக்கு வந்தது. அங்கே ஆரம்ப காலத்தில் படித்துத் தேறியவர் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தவன் நான். படிப்பு முடிந்ததும் அவருக்கு மேட்டூர் அணையில் வேலை. 1934-ல் அணை கட்டி முடியும்வரை அங்கேதான் இருந்தார்.

வீடு காலி செய்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பட்டச் சான்றிதழும் மேலதிகாரியின் பாராட்டுக் கடிதமும் இருந்தன. சட்டம் போட எடுத்து வைத்தேன். அடியில் கட்டுக்கட்டாக லெவல் புக்குகள், நில மட்டம் அளந்து எழுதும் நோட்டுகள். ஒன்றைப் பிரித்தேன். பத்தி பத்தியாகப் பென்சில் எண்கள். ஓரத்தில் தாத்தாவின் பொடி எழுத்து: ஊர்க் கிணறு, புளியமரம், இன்னார் வீட்டுத் திண்ணை. எனக்குப் புரியவில்லை. புரியாததைக் குப்பை என்று முடிவு கட்டினேன். அது திமிர். பழைய பேப்பர்காரரிடம் பேரம் பேசியதும் நானே.

சில வருஷம் கழித்து ஒரு பெண் தேடி வந்தார். அணைத் தண்ணீரில் மூழ்கிய ஊரை விட்டு வந்த குடும்பம்.

“தண்ணி வத்துனா பண்ணவாடியில நந்தி தெரியுது, சர்ச் கோபுரம் தெரியுது. எங்க வீடு எங்க இருந்துச்சுன்னு சொல்லத்தான் ஆளில்ல. உங்க தாத்தா குறிப்புல ஏதாச்சும் இருக்குமா சார்?”

இருந்திருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. “எல்லாம் கரையான் அரிச்சிருச்சும்மா” என்றேன். மானம் போய்விடுமே என்ற பயம். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை வேறு அவருக்குக் காட்டினேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பட்டம் வாங்கியவர் பெயர் பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் இருக்கும். களத்தில் நின்று கைப்பட எழுதியதற்கு வேறு பிரதி கிடையாது. பிரதி உள்ளதைச் சட்டம் போட்டேன். இல்லாததை விற்றேன்.

உங்கள் வீட்டில் இப்படியொரு பெட்டி இருந்தால், எது முக்கியம் என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். கட்டு கலையாமல் ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

அந்த அம்மாவின் முகவரியைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை. இதைப் படித்தால் அவர் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. அன்று நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டால் போதும்.