பேய் முதலில் வந்தது

என் வகுப்பில் ஒருத்தன் ரெக்கே பைத்தியம். போன செமஸ்டர் லீவுக்கு முன்னாடி ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "பர்னிங் ஸ்பியர் மச்சி, கேட்டுட்டு சொல்லு" என்றான். பத்து பாட்டு. கேட்டால்... பாடுகிற ஆளைக் காணோம்! டிரம்ஸ், பேஸ் கிடார், நடுநடுவே டிரம்பெட். திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது மாதிரி அரை வார்த்தை, அதுவும் எதிரொலித்துத் தேய்ந்துவிடும். ரெக்கேன்னா இப்படித்தான் போல என்று இரண்டு வாரம் அதையே கேட்டேன். பிடித்தும் போச்சு.

திரும்பி வந்து சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான். அந்த சிடியில் மொத்தம் இருபது பாட்டு. முதல் பத்து 1975-ல் வந்த 'மார்கஸ் கார்வி' ஆல்பம். அடுத்த பத்து அதே பாட்டுகளின் டப் வடிவம், 1976-ல் வந்த 'கார்வீஸ் கோஸ்ட்'. கார்வியின் பேய்! அவன் காப்பி பண்ணியது பின்பாதியை மட்டும். ஆளைப் பார்க்காமலே பேயோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் :-)

டப் என்பது, பதிவான பாட்டில் குரலை இறக்கிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் இழுத்து, எக்கோ சேர்ப்பது. ஜமைக்காவில் சிங்கிள் ரெக்கார்டின் மறுபக்கத்தை நிரப்ப, புதுசாக ஆட்களைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதைவிட இது மலிவு. காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கிங் டப்பி போன்றவர்களின் முரட்டு டப்போடு ஒப்பிட்டால் இது ரொம்ப சாது என்பார்கள். இருக்கலாம்.

பாடியவர் வின்ஸ்டன் ராட்னி. கார்வி பிறந்த அதே செயின்ட் ஆன்ஸ் பே ஊர்க்காரர். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெரியவர் ஒருத்தர், பழைய கடனை ஞாபகப்படுத்துவது மாதிரி இருக்கும். அடிமை நாட்கள் ஞாபகம் இருக்கா என்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்கிறார். இன்னொன்றில், கார்வியை எல்லாரும் மறந்துட்டாங்களே என்று ஆதங்கம்.

அப்புறம்தான் கார்வியைப் படித்தேன். 1919-ல் 'பிளாக் ஸ்டார் லைன்' என்று கப்பல் கம்பெனி தொடங்கி, கறுப்பின மக்களிடம் ஒரு பங்கு 5 டாலர் என்று விற்றவர். நம்ம கம்பெனி லாவில் வரவேண்டிய கேஸ். பழைய கப்பல்களை அநியாய விலைக்கு வாங்கி 1922-ல் கம்பெனி படுத்தது. 1923-ல் தபால் மோசடி என்று தண்டனை. இன்னும் வாங்காத கப்பலின் படத்தை விளம்பரத்தில் போட்டது தப்புதான். ஆனால் தண்டனைக்கு ஆதாரமாக நின்றது ஒரு காலி உறை! உள்ளே இருந்த கடிதம் கோர்ட்டுக்கு வரவே இல்லை. 1940-ல் லண்டனில் இறந்தார். அமெரிக்க அதிபர் பைடன் மன்னிப்பு வழங்கியது 2025 ஜனவரியில்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி டப் கேட்டேன். அந்த இரண்டு வாரம் கேட்ட இசை காணாமல் போயிருந்தது. இடைவெளி வருகிற இடத்திலெல்லாம் மனசுக்குள் ராட்னி வந்து பாடுகிறார். போகச் சொன்னாலும் போவதில்லை.

எங்க தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் அது அவர் இல்லாமல் போன வீடு. எனக்கு வீடே அப்படித்தான். யாரும் உட்காராத ஈஸி சேர், ஆறு மணியானால் பாட்டி போட்டுவிடும் ரேடியோ. யாருக்காகப் போடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. ஒரு கல்யாணத்தில் தாத்தா பேசிய கேசட் மாமாவிடம் இருக்கிறதாம். டேப் ரெக்கார்டர் ரிப்பேர், பார்த்து வைக்கிறேன் என்று ஒவ்வொரு லீவிலும் சொல்கிறார்.

நானும் இப்போதெல்லாம் அவசரப்படுத்துவதில்லை.